தண்ணீரோடு இருக்கிற தொட்டியை வாங்கு

அன்புள்ள நித்யாவுக்கு,

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்பாய், வைத்ததும் பாதி மறந்துவிடும். அதனால் எழுதியே அனுப்புகிறேன், நிதானமாகப் படி, மாப்பிள்ளையிடமும் காட்டு.

நீ பார்த்துவைத்திருக்கிற இரண்டு பழைய மீன்தொட்டிகளில் நாகூர்த் தொட்டி 2,500 ரூபாய், வெளிப்பாளையத்துத் தொட்டி 4,500 ரூபாய், இரண்டுமே மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், அப்புறம் எதற்கு 2,000 அதிகம் கொடுக்க வேண்டும் என்று கேட்டாய். நான் வெளிப்பாளையம்தான் சொல்வேன். நாகூரில் இருப்பது மொட்டை மாடியில் காய்ந்து கிடக்கிறது. வெளிப்பாளையத்தில் இருப்பது இன்றைக்கும் தண்ணீரும் மீனுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. காய்ந்த தொட்டியைப் பற்றி விற்கிறவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும், ஓடுகிற தொட்டியை நீயே பார்த்துக்கொள்ளலாம். ஒழுகினால் ஸ்டாண்டிலேயே தெரியும், கண்ணாடி பிதுங்கினால் தெரியும், மோட்டார் சத்தம் காதில் விழும், மீன் எப்படி இருக்கிறது என்றும் தெரியும். போகும்போது முன்கூட்டியே சொல்லிவிடு, "நாங்கள் வந்து பார்க்கிறவரைக்கும் தண்ணீரை இறக்காதீர்கள்" என்று. இறக்கி வைத்துவிட்டுக் கூப்பிடுகிறார் என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

கும்பகோணத்தில் சாமி படத்துக்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்கும் கண்ணாடி வெட்டியதுபோக மீதி நேரம் தொட்டி ஒட்டியவன் நான், அதனால் கண்ணாடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முதலில் மேல் விளிம்பில் ஸ்கேலை வைத்துக் கனத்தைப் பார். ஒன்றரை அடி உயரம், மூன்றடி நீளத்துக்கு 8 எம்எம் இருந்தால் நிம்மதி. 5 எம்எம் என்றால் வேண்டாம், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். தண்ணீர் கண்ணாடியைத் தள்ளுகிற வேகம் எவ்வளவு லிட்டர் என்பதைப் பொறுத்ததில்லை, எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது, அடியில்தான் அழுத்தம் அதிகம். நீளம் கூடக் கூட நடுவில் கண்ணாடி வளையும். ஒரு ஓரத்தில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்த்தால் முன்பக்கம் வயிறு தள்ளியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். மேலே குறுக்கே ஒட்டியிருக்கிற பட்டை இருந்தால் அது அசையாமல் இருக்கிறதா என்று பார், யாராவது கழற்றிவிட்டு அந்த இடத்தில் பசை அடையாளம் மட்டும் இருந்தால் கேள்வி கேள்.

கீறல் பெரிய விஷயமில்லை. உள்பக்கத்தில் நகத்தால் தடவினால் மாட்டாத கீறல் தண்ணீர் நிரப்பினால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. விரிசல் வேறு, ஒரு விரல் நீளம் இருந்தாலும் எழுந்து வந்துவிடு. மூலையில் சில்லு பெயர்ந்திருந்தால் அது ஒட்டு இருக்கிற இடத்தைத் தொடுகிறதா என்று மட்டும் பார்.

எல்லோரும் ஏமாறுகிற இடம் சிலிகான். உள்ளே மூலைகளில் பட்டையாகத் தெரிகிறதே, அது அழகாக இருந்தால் தொட்டி நல்லது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வெறும் காவல். தொட்டியைப் பிடித்து நிறுத்துவது இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் மெல்லிசாக இருக்கிற சிலிகான்தான், அதை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். செல்போன் டார்ச்சை மூலையில் பிடி. நடுவில் காற்றுக்குமிழ் வரிசையாகவோ, வெள்ளைக் கோடு போலவோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓடினால் ஒட்டு விட்டுக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். உள்பட்டை மட்டும் பிளேடு பட்டுக் கிழிந்திருந்தால் சரிசெய்யலாம், ஆனால் பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், பழைய சிலிகான்மேல் புது சிலிகான் ஒட்டாது. கடையில் கேட்டால் பாத்ரூமுக்குப் போடுகிற, பூஞ்சை பிடிக்காத மருந்து கலந்த டியூபை எடுத்துக் கொடுப்பார்கள், அது மீனுக்கு ஆகாது. நீ அந்த வேலையில் இறங்காதே, நான் வந்து செய்கிறேன்.

சிலிகான் நீலமாகக் கறை படிந்திருந்தால் பயப்படாதே. மீனுக்கு நோய் வந்தபோது மெத்திலீன் புளூ ஊற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் என்னென்ன மருந்து போட்டார்கள் என்று கேட்டுக்கொள். தாமிரம் கலந்த மருந்து என்றால் அது கல்லிலும் சிலிகானிலும் தங்கிவிடும், அந்தத் தொட்டியில் இறாலும் நத்தையும் பிழைப்பது சந்தேகம். மீனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

ஸ்டாண்டைப் படுத்துக்கொண்டாவது அடியில் பார்க்கச் சொல் மாப்பிள்ளையை. நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் இரும்பு எப்படிப் போகும் என்று உங்கள் வீட்டுக் கேட்டே சொல்லும். மேலே புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் வெல்டிங் வைத்த இடத்தை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்கலாம், தப்பில்லை. அந்த அளவுத் தொட்டியில் முழுக்க நிரப்பினால் ஏறத்தாழ 190 லிட்டர், அதாவது 190 கிலோ. கண்ணாடி மட்டுமே 30 கிலோவுக்கு மேல் வரும், கல் தனி. பீரோவையும் டீப்பாயையும் நம்பி வைக்கிற எடை இல்லை இது. நல்லவேளை உங்கள் வீடு கீழ்த்தளம்.

எடுத்து வருவது: தண்ணீர் முழுக்க இறங்கியிருக்க வேண்டும், கல்லும் வெளியே. "கொஞ்சம் தண்ணீர்தானே" என்று அப்படியே தூக்கினால் அடிக்கண்ணாடி முறுக்கிக்கொண்டு ஒட்டு விடும். இரண்டு பேர் அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும், மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. குட்டி யானை வண்டி பிடித்துக்கொள், கீழே பழைய மெத்தையோ கோணியோ விரித்துக்கொள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சாமான் அந்த வீட்டில் அழுக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும் ஃபில்டர் ஸ்பாஞ்சு. அதற்காகவே அந்த 2,000 ரூபாயைக் கொடுக்கலாம் என்பேன். நம் வயலில் யூரியா போட்டால் அது அமோனியாவாகி, மண்ணில் இருக்கிற நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுகிறதென்று உன் தாத்தாவுக்கு வேளாண்மை ஆபீசர் சொல்லிக்கொடுத்தார் இல்லையா, தொட்டியிலும் அதே கதைதான். மீன் கழிக்கிறது, தின்னாமல் விட்ட தீனி அழுகுகிறது, அமோனியா சேர்கிறது. அதை மாற்றுகிற நுண்ணுயிர் புதுத் தொட்டியில் கிடையாது, தானாக வளர ஒரு மாதம், ஆறு வாரம்கூட ஆகும். புதிதாக மீன் வளர்க்கிறவர்கள் வீட்டில் முதல் வாரத்திலேயே மீன் மிதப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், கண் திருஷ்டி இல்லை. ஓடுகிற தொட்டியின் ஸ்பாஞ்சில் அந்த உயிர் எல்லாம் தயாராக இருக்கிறது. அதை அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு பக்கெட்டில் போட்டு, காற்றுப் போகிற மாதிரி திறந்தே வைத்துக் கொண்டு வா, வந்ததும் ஓடவிடு. உன் அம்மா மாதிரி சுத்தக்காரி யாராவது அதைப் பிடுங்கிக் குழாயடியில் பளிச்சென்று அலசிவிட்டால் குளோரினில் எல்லாம் செத்துப்போகும். அதை உன் மாமியாரிடம் நயமாகச் சொல்லிவை.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிற உப்புக்கறையை வினிகரில் துணி நனைத்துத் துடை, போகாவிட்டால் எலுமிச்சம்பழமும் கல்லுப்பும். சோப்பு, விம், லைசால் எதுவும் கிட்டே வரக் கூடாது.

எவ்வளவு நல்ல தொட்டியாக இருந்தாலும் இடம் மாறியபின் ஒருமுறை நிரப்பிப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் தெர்மாகோல் ஷீட், நாலு பக்கமும் ரசமட்டம் பார்த்து, ஒட்டு ஓரமெல்லாம் செய்தித்தாள். முதலில் கால்வாசி நிரப்பி ஒரு மணி நேரம் விடு, அப்புறம் பாதி, அப்புறம் முழுசு. மார்க்கரால் மட்டத்தைக் கோடு போட்டு மறுநாள்வரை விட்டுவிடு. காகிதம் நனைந்த இடம் ஒழுகுகிற இடம். இந்த ஒருநாள் மீனும் ஸ்பாஞ்சும் பெரிய டப்பில் பழைய தண்ணீரில் ஏர் மோட்டாரோடு இருக்கட்டும். அதற்காகப் பழைய தண்ணீரை ஐந்தாறு கேன் பிடித்து வா. பழைய மோட்டாரின் ஒயரில் டேப் சுற்றியிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு, தண்ணீரும் கரண்டும் விளையாட்டில்லை. ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வழிகிற தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டும். கையை உள்ளே விடும்முன் சுவிட்சை அணை, பேரனிடமும் அதைச் சொல்லிப் பழக்கு. ஹீட்டருக்கு 500 ரூபாய் தனியாகக் கேட்டாராமே, நம் பக்கத்து வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு, வேண்டாம் என்று சொல்.

தண்ணீருக்கு உங்கள் போர் சரிப்படுமா என்று கேட்டாய். அது உப்பு. குழாயில் வருகிற கொள்ளிடத்துத் தண்ணீரையே பிடித்து ஒருநாள் ஏர் மோட்டார் போட்டு வைத்துவிட்டு ஊற்று, குளோரின் போய்விடும். அவசரமென்றால் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து கடையில் கிடைக்கும். தண்ணீர் தட்டுப்பாடு வந்து போர்த் தண்ணீரைக் கலக்க வேண்டி வந்தாலும் தாங்குகிற மீனாக வைத்துக்கொள்: மோலி, கப்பி, பிளாட்டி. மோலிக்கு உப்புத் தண்ணீர் பிடிக்கும் என்றே சொல்லலாம். காரத்தன்மையுள்ள தண்ணீரில், அதுவும் வெயில் காலத்தில், அமோனியாவின் விஷம் கூடும் என்பதால் எதை வைத்தாலும் கொஞ்சமாக வை. தீனியும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான். முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள் கால்பங்கு தண்ணீர் மாற்று.

பேரன் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்களைப் போட வேண்டும் என்று அடம் பிடிப்பான். அதிலிருந்து சுண்ணாம்பு கரைந்து தண்ணீர் இன்னும் கடினமாகும். மோலிக்கு நாலைந்து கிளிஞ்சல் போட்டால் குடி முழுகாது, விடு. எந்தக் கல்லையும் போடும்முன் வினிகர் சொட்டு விட்டுப் பார், நுரைத்தால் சுண்ணாம்பு. ஆனால் வாய்க்காலில் பனையேறிக் கெண்டை பிடித்துவந்து விடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதே. சின்ன மீனைத் தின்றுவிடும், மூடி இல்லாவிட்டால் வெளியே நடந்தும் போய்விடும். 1790களில் தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனிப் படையில் இருந்த டால்டார்ஃப் என்பவர் பனைமரத்தில் ஏறிய இந்த மீனைப் பிடித்ததாகவே எழுதி வைத்திருக்கிறார். பேரனுக்கு அந்தக் கதையைச் சொல், மீன் கேட்க மாட்டான்.

தொட்டியோடு வருகிற மீனில் கறுப்பாக, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒரு சக்கர் இருப்பதாகப் படத்தில் தெரிகிறது. "டேங்க் கிளீனர்" என்று சொல்லி விற்பார்கள், ஒரு அடிக்குமேல் வளரும், அதுவே நிறையக் கழிக்கும். அதை எடுத்துக்கொள்ளாதே. எடுத்துக்கொண்டு, பிறகு பெரிதாகிவிட்டதென்று வெட்டாற்றில் விடுகிற வேலை மட்டும் கூடவே கூடாது, ஏற்கெனவே தமிழ்நாட்டு ஏரி குளங்களில் அது பரவி நம் மீனுக்கு இடமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. விற்கிறவரோ மீன்கடையோ வைத்துக்கொள்ளட்டும். மீனைப் பற்றி என்னைவிட விவரமாகக் கேட்க வேண்டுமென்றால் மீன்வளப் பல்கலைக்கழகமே உங்கள் ஊரில்தான் இருக்கிறது.

2018 கஜாவில் அந்தப் பக்கமெல்லாம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது என்று உனக்கே தெரியும். பேட்டரியில் ஓடுகிற ஏர் மோட்டார் ஒன்று சின்னதாக வாங்கி வை, ஐப்பசி பிறக்கும்முன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள், வெளிச்சத்தில் பார்த்தால்தான் கண்ணாடி தெரியும். 4,500 சொல்கிறார், ஹீட்டரும் சக்கரும் வேண்டாம் என்று சொல்லி 3,800க்குக் கேள், 4,000க்குத் தருவார். என் ரசமட்டத்தையும் ஒரு தெர்மாகோல் ஷீட்டையும் சனிக்கிழமை அங்கே வருகிற நம் கடைப்பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். மூலை ஒட்டை டார்ச் அடித்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, நான் பார்த்துச் சொன்னபிறகு பணம் கொடு.

அப்பா