அக்டோபர் மாதப் பேய்க்கதைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் பேய்க்கதை சொல்லும் யூடியூப், பாட்காஸ்ட் நண்பர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் உங்கள் எதிரி இல்லை. அயர்லாந்தின் டப்ளினில் நைட் ட்யூட்டி முடித்துவிட்டு, கை விறைக்க, முதல் பஸ்ஸுக்கு நிற்கும்போது காதில் ஓடுவது உங்கள் குரல்தான். பூட்டிக் கிடக்கும் பங்களா, சுடுகாட்டு வளைவில் லிப்ட் கேட்கும் பெண், நடுராத்திரி லாரி டிரைவர், எல்லாம் கேட்டாயிற்று. ஒன்றிரண்டு என்னை நிஜமாகவே பயமுறுத்தியிருக்கிறது, வீட்டுக்கு வந்து பாத்ரூம் லைட்டை எரியவிட்டே தூங்கியிருக்கிறேன். அதனால் இதைக் குறை சொல்லும் கடிதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சரி, கொஞ்சம் குறையும் உண்டு.

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் கடைசி வாரம் வந்தால் உங்களில் பாதிப் பேர் ஹாலோவீனின் மர்மம் என்று ஒரு எபிசோட் போட்டுவிடுகிறீர்கள். ஆள்தான் வேறு, சரக்கு ஒன்றுதான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அயர்லாந்துப் பக்கம் வாழ்ந்த கெல்ட் மக்கள் ‘சம்ஹைன்’ என்ற மரண தேவனைக் கும்பிட்டார்களாம், அவனுக்கு நரபலி கொடுத்தார்களாம், செத்தவர்கள் தங்களை அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று முகமூடி போட்டுக்கொண்டார்களாம், கடைசியில் சர்ச் வந்து அந்த நாளைத் திருடிக்கொண்டதாம். பின்னணியில் அதே வயலின் இழுப்பு.

அப்படி ஒரு சாமியே கிடையாது. எழுத்தைப் பார்த்துச் ‘சம்ஹைன்’ என்று வாசிக்கிறீர்கள், அது ‘சௌவின்’. அக்டோபர் 31 சாயந்திரம் தொடங்கி நவம்பர் 1 வரை நடக்கும் ஒரு பண்டிகையின் பெயர், கூடவே ஒரு மாதத்தின் பெயர். இன்றைக்கும் ஐரிஷ் மொழியில் நவம்பருக்குப் பெயர் அதுதான், இங்கே ஆரம்பப் பள்ளிக் குழந்தையைக் கேட்டாலே சொல்லும். அதைத் தேவனாக்குவது எப்படி இருக்கிறதென்றால், ‘ஆடி என்றொரு அரக்கன் இருந்தான், அவன் பசியைத் தீர்க்கத்தான் தமிழர்கள் தெருத்தெருவாகக் கூழ் ஊற்றினார்கள்’ என்று எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் உருக்கமான குரலில் சொல்வது மாதிரி இருக்கிறது.

இந்த மரண தேவனைப் பரப்பிய புண்ணியவான் சார்ல்ஸ் வலன்சி. 18-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் வேலை பார்த்த பிரிட்டிஷ் ராணுவ இன்ஜினியர். அயர்லாந்தின் பழமை மீது உண்மையான பித்து, மொழியறிவு மட்டும் சுமார். இரண்டு மொழியில் இரண்டு சொல் ஒரே மாதிரி ஒலித்தால் போதும், சம்பந்தம் பேசி முடித்துவிடுவார். ஐரிஷ் மொழியை மத்தியதரைக் கடலோரத்துப் பழங்கால வணிகர்களான பினீசியர்களோடு சேர்த்தார், அது போதாதென்று அயர்லாந்தின் பண்டைய வரலாற்றைச் சமஸ்கிருத நூல்களால் நிரூபித்துவிட்டதாக 1797இல் ஒரு புத்தகமே போட்டார். (நம் குடும்ப வாட்ஸப் குழுக்களில் இவருக்கு ஏகப்பட்ட வாரிசுகள்.) சௌவின் நாளைப் பிடுங்கித்தான் சர்ச் தன் எல்லாப் புனிதர் விழாவை நவம்பர் 1இல் வைத்தது என்ற திருட்டுக் கதையும் அவ்வளவு நேர் கிடையாது. 800 வாக்கில் எழுதப்பட்ட அயர்லாந்துப் புனிதர் நாள்காட்டியில் எல்லாப் புனிதர்களுக்குமான விழா ஏப்ரல் 20இல் இருக்கிறது. நவம்பர் 1 என்பது கடல்தாண்டி வந்த வழக்கம். வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் இதைப் பல வருஷங்களுக்கு முன்பே எடுத்துக்காட்டிவிட்டார்.

‘பேய்க்கதைக்கு எதற்கய்யா ஆதாரம்’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம்தான். பொய் சொல்கிறீர்கள் என்பதல்ல என் வருத்தம், சப்பென்று இருக்கும் பொய்யாகப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்பதுதான். நரபலி கேட்கும் இருட்டுச் சாமியை எந்த ஊருக்கும் பொருத்தலாம். அதே சௌவின் ராத்திரியைப் பற்றி இந்த ஊர்க்காரர்களே எழுதிவைத்த ஒரு கதை எடுப்பாரில்லாமல் கிடக்கிறது. ஜெர்மன் அறிஞர் குனோ மையர் 1889இலேயே அதைப் பதிப்பித்து ஆங்கிலத்திலும் கொடுத்துவிட்டார். நெரா என்பவனின் கதை. சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்கள் நீட்டிக்கொள்ளுங்கள்.

க்ரூஅகன் கோட்டையில் அலில் ராஜாவும் மேவ் ராணியும். சௌவின் ராத்திரி, கொப்பரையில் சாப்பாடு வெந்துகொண்டிருக்கிறது. முந்தின நாள்தான் இரண்டு கைதிகளைத் தூக்கில் போட்டிருக்கிறார்கள், உடல்கள் வெளியே தொங்குகின்றன. ராஜாவுக்குப் பொழுது போகவில்லை. இளங்குச்சியை முறுக்கிச் செய்த வளையத்தைத் தொங்குகிறவனின் காலில் மாட்டிவிட்டு வருகிறவனுக்குத் தங்கப் பிடி போட்ட வாள் என்கிறார். ஒவ்வொருத்தனாகப் போகிறான், போன வேகத்தில் திரும்பி வருகிறான். கடைசியில் நெரா போகிறான். மூன்று தடவை மாட்டுகிறான், மூன்று தடவையும் நழுவி விழுகிறது. அப்போது மேலே தொங்குகிற பிணம் பேசுகிறது. என்ன பேசுகிறது தெரியுமா? சாபம் இல்லை, அலறல் இல்லை. ‘அதுக்கு ஒழுங்கா ஒரு முளைக்குச்சி வைக்காட்டி விடியவிடிய மாட்டினாலும் நிக்காது’ என்று வேலை சொல்லிக்கொடுக்கிறது. அவன் முளைக்குச்சி வைக்கிறான், வளையம் நிற்கிறது. சபாஷ் என்கிறது பிணம். அப்புறம், ‘தூக்குல போடும்போது எனக்கு ரொம்பத் தாகமா இருந்துச்சு, உன் முதுகுல தூக்கிட்டுப் போய்த் தண்ணி வாங்கிக் குடு’ என்கிறது.

இந்த இடத்தில் நிறுத்துங்கள். வயலின் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். முதுகில் பிணத்தோடு ஒருத்தன் இருட்டில் வீடு தேடி நடக்கிறான்.

முதல் வீட்டைச் சுற்றி நெருப்பு வளையம். அந்த வீட்டில் ராத்திரி அடுப்பு நெருப்பை ஒழுங்காகச் சாம்பல் தள்ளி மூடியிருக்கிறார்கள், அதனால் நுழைய முடியாது. இரண்டாவது வீட்டைச் சுற்றித் தண்ணீர். அங்கே குளித்த தண்ணீர், கழுவிய தண்ணீர் எதையும் தேங்கவிடாமல் கொட்டிவிட்டுத்தான் படுப்பார்கள், அங்கேயும் முடியாது. மூன்றாவது வீட்டில் அழுக்குத் தண்ணீர்த் தொட்டி அப்படியே நடுவீட்டில் இருக்கிறது. பிணம் உள்ளே போய் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. கடைசி மடக்கை மட்டும் விழுங்காமல், தூங்குகிறவர்கள் முகத்தில் உமிழ்கிறது. வீட்டில் அத்தனை பேரும் செத்துப்போகிறார்கள். கதையை எழுதியவர் அங்கேயே ஒரு வரி சேர்க்கிறார்: அதனால்தான் ராத்திரியில் நெருப்பை மூடாமலும் கழுவிய தண்ணீரைக் கொட்டாமலும் படுக்கக் கூடாது.

எச்சில் பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் படுத்தால் என் பாட்டி எழுப்பிவிட்டுத் திட்டுவாள், ஏன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இந்தக் கதையைப் படித்த ராத்திரி எழுந்து போய் சிங்க்கைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கதை அதோடு முடியவில்லை. பிணத்தை மறுபடி தூக்கில் மாட்டிவிட்டுத் திரும்பினால் கோட்டை எரிந்துகிடக்கிறது, தன் ஆட்களின் தலைகள் குவியலாக இருக்கின்றன. எரித்துவிட்டுப் போகிற படையின் வாலைப் பிடித்துக்கொண்டு நெராவும் ஒரு குகைக்குள் நுழைந்துவிடுகிறான். அது ‘ஷீ’, அதாவது மேட்டுக்கு அடியில் வாழ்கிறவர்களின் உலகம். அங்கே விறகு சுமக்கும் வேலை கொடுக்கிறார்கள், ஒரு பெண்ணோடு குடும்பமும் ஆகிறது. அவள்தான் சொல்கிறாள், நீ பார்த்தது நிழல், இன்னும் நடக்கவில்லை, போய் எச்சரிக்காவிட்டால் அடுத்த சௌவினில் நடக்கும், இப்போது போனாலும் உன் ஆட்கள் அதே கொப்பரையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று. அத்தனை நாள் வாழ்ந்துவிட்டு வந்தவனுக்கு வெளியே சோறு கூட வேகவில்லை! சொன்னால் யார் நம்புவார்கள்? கோடைகாலத்துக் காட்டுப் பூண்டையும் பூக்களையும் பெரணியையும் பறித்துக்கொண்டு போய்க் காட்டுகிறான், நவம்பர் குளிரில். பிறகு க்ரூஅகன்காரர்கள் அந்த உலகத்தின் மீது படையெடுத்துச் சூறையாடுகிறார்கள். நெரா மட்டும் மனைவியோடு உள்ளேயே தங்கிவிடுகிறான். இன்னும் வெளியே வரவில்லை, உலகம் முடியும்வரை வரப்போவதும் இல்லை.

அந்தக் குகை நிஜமாகவே இருக்கிறது. ராஸ்காமன் மாவட்டத்தில், கதையின் க்ரூஅகனான ராத்க்ரோஹன் என்ற இடத்தில், பூனைக் குகை என்று பொருள்படும் ஓவினகாட். பெரிய கோயில் வாசல் மாதிரி கற்பனை செய்யாதீர்கள். குறுகலான பண்ணைப் பாதையின் ஓரம், முட்செடிக்குக் கீழே ஒரு பொந்து, அவ்வளவுதான். பக்கத்தில் மாடு மேய்கிறது. உட்கார்ந்து சறுக்கித்தான் உள்ளே போக முடியும், பேண்ட்டின் பின்பக்கம் முழுக்கச் சேறு. தலைக்கு மேலே தாங்கும் கல்லில் ஓகம் என்ற கோட்டெழுத்தில் ‘மேவின் மகன் ஃப்ரேக்’ என்று வெட்டியிருக்கிறது, எங்கோ நட்டிருந்த கல்லை எடுத்துவந்து வாசலுக்கு விட்டமாகப் போட்டிருக்கிறார்கள். இந்தக் குகையைத்தான் மத்தியகாலத்து நூலொன்று அயர்லாந்தின் நரக வாசல் என்கிறது. கூட வந்தவர் டார்ச்சை அணைத்தார். கண்ணைத் திறந்திருக்கிறேனா மூடியிருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை, விரலால் இமையைத் தொட்டுப் பார்த்தேன். எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, யாருக்கும் பயமுறுத்தும் எண்ணமும் இல்லை, எனக்கு மட்டும் முதுகில் பாரம் ஏறியிருக்கிற மாதிரியே இருந்தது.

இந்த ஊர்க் கதைகளின் பிடி ஏன் இன்னும் விடவில்லை என்று யோசித்தால், எனக்குப் படுவது இதுதான்: பயத்தைச் சாமானோடு கட்டிவைத்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி, சீப்பு, பழம். வழியில் சீப்பு கிடந்தால் எடுக்காதே, அது பான்ஷீயுடையது, தலைவாரிக்கொண்டே சாவுக்கு அழுகிறவள், ராத்திரி ஜன்னலுக்கு வந்து திருப்பிக் கேட்பாள் என்பார்கள். சௌவினுக்குப் பிறகு வேலியில் பழுத்த பிளாக்பெரியைத் தின்னாதே, உருமாறும் குறும்புப் பேயான பூகா அதன் மேல் துப்பிவிட்டுப் போயிருக்கும் என்பார்கள். (நவம்பரில் அந்தப் பழம் சொதசொதவென்று அழுகித்தான் கிடக்கும், பூகாவை நம்பாதவர்களும் தின்னமாட்டார்கள்.) பூசணிக்காய் விளக்கு அமெரிக்காவில் வந்து சேர்ந்தது, பஞ்சம் பிழைக்கப் போனவர்களுக்கு அங்கே அதுதான் சுலபமாகக் கிடைத்தது. இங்கே அதற்கு முன்னால் டர்னிப் கிழங்கு. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு உட்கார்ந்து ஒன்றைக் குடைந்தேன், கல் மாதிரி இருக்கிறது, இரண்டு ஸ்பூன் வளைந்தது. மெழுகுவத்தி வைத்ததும் முட்டைக்கோஸ் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். மேயோ மாவட்டத்து அருங்காட்சியகத்தில், டொனிகாலிலிருந்து 1943இல் வந்த ஒரு டர்னிப் முகத்தின் அச்சு இருக்கிறது. சுருங்கி, பல் இளித்து, குழிந்த கண்ணோடு. படத்தைத் தேடிப் பாருங்கள், பிளாஸ்டிக் எலும்புக்கூட்டையெல்லாம் அப்புறம் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

சொல்லும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெர்ரி மாவட்டத்துக் கடலோரக் குக்கிராமத்தில் ஷான் ஓ கானல் என்று ஒரு கதைசொல்லி இருந்தார், எழுதப் படிக்கத் தெரியாதவர். 1923இல் அறிஞர் ஜேம்ஸ் டிலார்கி அவரைத் தேடிப் போனபோது அவருக்கு வயது 70. ஐரிஷ் பேசிக் கேட்கிறவர்கள் குறைந்துபோய், கதை சொல்லச் சொல்லி யாரும் வருவதில்லை. கதைகள் மறந்துவிடுமே என்று, யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துத் தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிப் பழகுவாராம், கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி. சந்தையிலிருந்து திரும்பும்போது மேட்டில் மெதுவாக ஏறும் குதிரை வண்டிக்குப் பின்னால் நடந்துகொண்டு, வண்டியின் முதுகைப் பார்த்துக் கதை சொல்வாராம். அவர் சொன்னதையெல்லாம் டிலார்கி எழுதி 1948இல் புத்தகமாக்கினார், அதற்குள் கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இவர்களுக்குக் கதைக்காலம் என்று ஒன்று உண்டு, சௌவின் தொடங்கிக் குளிர் விடும்வரை, அதுவும் ராத்திரியில்தான். வீரக்கதையைப் பகலில் சொன்னால் ஆகாது.

‘எங்களுக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும்’ என்று சொல்லாதீர்கள். 1937 முதல் 1939 வரை இந்த நாட்டின் சுமார் 5,000 பள்ளிகளில் ஏறக்குறைய 50,000 பிள்ளைகளை அவரவர் வீட்டுத் தாத்தா பாட்டியிடமும் அக்கம்பக்கத்துக் கிழவர்களிடமும் கேட்டு எழுதிவரச் சொன்னார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயசுக் கையெழுத்தில் பேய், புதையல், ஒற்றை முள்மரம், மருந்து, மழைக்குறி, எல்லாம் இருக்கிறது. டூகஸ் என்ற இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். பாதிக் கதை ஒரு பக்கத்துக்கு மேல் போகாது, உங்கள் ஷார்ட்ஸுக்கென்றே அளந்து எழுதிய மாதிரி.

முள்மரம் என்றதும் ஞாபகம் வருகிறது. 1999இல் கிளேர் மாவட்டத்தில் புதுச் சாலை போடும் வழியில் ஒரு ஒற்றை முள்மரம் நின்றது. ஷீ உலகத்தார் சண்டைக்குப் போகும்போது கூடும் இடம், வெட்டினால் சாலையில் சாவு விழும் என்று கதைசொல்லி எடி லெனிஹன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மரத்தை விட்டுவிட்டுச் சாலையை ஒதுக்கிப் போட்டார்கள். அவரும் என்னை மாதிரிக் கடிதம்தான் எழுதினார், அதனால் எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது.

இந்த அக்டோபரில் யாராவது ஒருத்தர் நெராவின் கதையைப் போடுங்கள். மொத்தமும் வேண்டாம், மூன்றாவது வீடு வரைக்கும் போதும். நான் பஸ் ஸ்டாப்பில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் நைட் ட்யூட்டி நேயர்

பி.கு.: தம்ப்நெயிலில் தயவுசெய்து ‘சம்ஹைன்’ வேண்டாம். சௌவின்.