செவ்வாயின் பனியைத் தேடும் வேலையைப் பாதியில் விடாதீர்கள்

அமெரிக்கா, இத்தாலி, கனடா, ஜப்பான் விண்வெளி நிறுவனங்களில் செவ்வாய்த் திட்டங்களுக்குப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்கு,

வணக்கம். 2008 ஜூனில் ஃபீனிக்ஸ் கலம் அனுப்பிய இரண்டு படங்களை இன்றும் என் கணினியில் வைத்திருக்கிறேன். செவ்வாயின் வட சமவெளியில் அதன் இயந்திரக் கை தோண்டிய சின்னக் குழி அது. முதல் படத்தில், குழியின் நிழல் ஓரத்தில் பகடைக்காய் அளவுக்குச் சில வெள்ளைத் துண்டுகள் கிடக்கின்றன. நான்கு நாள் கழித்து எடுத்த படத்தில் அவற்றைக் காணோம். உப்பாக இருந்திருந்தால் அங்கேயே கிடந்திருக்கும். பனிக்கட்டி என்பதால், அந்த மெல்லிய காற்றில் உருகி ஓடாமல் கற்பூரம்போல நேரே ஆவியாகிவிட்டது. அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் சிலிர்க்கும்.

பனி இருக்கிறதா என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. எங்கே, எத்தனை மீட்டர் ஆழத்தில் என்பதுதான் இன்னும் தெரியவில்லை. செவ்வாயைச் சுற்றிவரும் ஒடிசி கலத்தின் நியூட்ரான் கருவிகள் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரைதான் பார்க்கும். இன்னொரு நாசா சுற்றுக்கலத்துக்கு இத்தாலி கொடுத்த ஷராட் என்ற ரேடார் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துப் பனியையும் கண்டுவிடும். ஆனால் தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியே மேலடுக்கின் பத்து இருபது மீட்டரை மறைத்துவிடுகிறது. நாளைக்கு மனிதர்கள் போய் இறங்கினால் துளைபோடப் போவது சரியாக இந்த இடைவெளியில்தான். குடிக்கவும், மூச்சுவிடவும், திரும்பி வர எரிபொருள் செய்யவும் அந்த நீரைத்தான் நம்ப வேண்டும்.

2021 டிசம்பர் 24 அன்று அமேசானிஸ் சமவெளியில் ஒரு விண்கல் விழுந்தது. அந்த அதிர்வை, செவ்வாயின் தரையில் நில அதிர்வுகளை அளந்துகொண்டிருந்த இன்சைட் கலம் பதிவுசெய்தது. பிறகு சுற்றுக்கலம் எடுத்த படங்களில் சுமார் 150 மீட்டர் அகலப் பள்ளமும், அதைச் சுற்றிச் சிதறிய பனிப்பாளங்களும் தெரிந்தன. நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு அருகில் அதுவரை யாரும் பனியைக் கண்ணால் கண்டதில்லை. வெயிலும் வெப்பமும் ஓரளவு கிடைக்கிற, மனிதர்கள் இறங்க ஏற்ற பகுதி அது. அங்கே பனி இருப்பதை நமக்குக் காட்டியது தற்செயலாக விழுந்த ஒரு கல். அடுத்த கல் எப்போது, எங்கே விழும் என்று காத்திருக்க முடியுமா?

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2021 பிப்ரவரியில் நீங்கள் நால்வரும் சேர்ந்து செவ்வாய்ப் பனி வரைபடக் கலத்துக்குக் கையெழுத்திட்டீர்கள். மேலடுக்கின் ஐந்து முதல் பத்து மீட்டருக்குள் பார்க்கும் ரேடார் அதில் இருக்க வேண்டும் என்றீர்கள். அடுத்த ஆண்டே நாசா தன் பட்ஜெட் முன்மொழிவில் அதைக் கைவிட்டது. பணம் பற்றாக்குறை என்பது புரிகிறது. ஆனால் மனிதர்களை அனுப்புவோம் என்ற பேச்சு நிற்கவில்லையே! தண்ணீர் இருக்கும் இடம் தெரியாமல் இறங்குமிடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள்?

என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த செவ்வாய்ச் சுற்றுக்கலத்தைத் திட்டமிடும்போது, அது தகவல் தொடர்புக்காகப் போவதாக இருந்தாலும், அந்த ரேடாருக்கு அதில் இடம் ஒதுக்குங்கள். அமெரிக்கா முன்வராவிட்டால், மற்ற மூவரும் சேர்ந்தாவது ஒரு சிறிய கலத்தை அனுப்பப் பாருங்கள்.

அன்புடன்,
செவ்வாய்ப் படங்களை நாள்தோறும் பார்க்கும் ஒரு வாசகன்