ஏற்காட்டு நண்பனுக்கு, போன் விஷயமாக

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள நடராஜா,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டியதிலிருந்து பட்டறையில் பாதி நாள் ஈயோட்டுகிறோம். ஊர்ச் சேதி அவ்வளவுதான். இனி சண்டை.

படிக்கிற பிள்ளை கயலுக்கு ஐபோன் வாங்கலாமா வேண்டாமா என்று மிலிட்டரியிடம் கேட்டிருக்கிறாய். புரொபசரிடம் கேட்டிருக்கிறாய். போனே வைத்துக்கொள்ளாத பால்கார மாணிக்கத்திடம்கூடக் கேட்டிருக்கிறாய். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. தட்டுவடை செட் கடையில் நின்றுகொண்டு மிலிட்டரி சொல்லித்தான் எனக்கே தெரியும். 'அவன்கிட்ட கேட்டா அமெரிக்காக்காரனை ஒரு மணி நேரம் திட்டுவான்' என்றாயாமே. ஐபோன் செய்கிற ஆப்பிள் கம்பெனியைத் திட்டத்தான் போகிறேன், உட்கார்ந்து படி. வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஓடிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

ஆனால் முதலில் புகழ்ந்துவிடுகிறேன், நியாயம் நியாயம்தான்.

பெங்களூரில் பெரியவன் புதுசு வாங்கிக்கொண்டு அவனுடைய பழைய ஐபோன் 13ஐ எனக்குத் தள்ளிவிட்டான் அல்லவா, முதல் நாள் நான் அதை ஆன்கூடச் செய்யவில்லை. பட்டறை விளக்கடியில் வைத்து நகத்தால் வருடிப் பார்த்தேன். அலுமினியச் சட்டம் முடிந்து கண்ணாடி தொடங்கும் இடத்தில் நகம் மாட்டவே இல்லை. சுற்றிச் சுற்றி வந்தேன், ஒரு இடத்திலாவது பிசிறு இருக்கும் என்று. ம்ஹூம். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து வெள்ளியைத் தேய்த்த விரல்டா இது, ஏமாற்ற முடியாது. கொலுசின் வெளிப்பக்கத்துக்கு எல்லோரும்தான் மெருகு போடுவார்கள். காலில் உரசுகிற உள்பக்கத்தை எவன் ஒழுங்காக முடித்திருக்கிறான் என்று பார்த்துத்தான் என் அப்பா வேலைக்கு ஆள் எடுப்பார். உனக்குத்தான் தெரியுமே, உன்னை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியவர்தானே அவர்.

ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸை வளர்த்த அப்பா பால் ஜாப்ஸும் அதே ரகமாம். வேலி போட்டாலும் சரி, அலமாரி செய்தாலும் சரி, யார் கண்ணிலும் படாத பின்பக்கமும் நேர்த்தியாக இருக்க வேண்டும் என்று பையனுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பையன் வளர்ந்து 1984இல் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது, அதைச் செய்தவர்களுடைய கையெழுத்துகளையெல்லாம் பெட்டியின் உள்பக்கத்தில் அச்சோடு சேர்த்துப் பொறித்துவைத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நம் ஊர்க் கொலுசில் செய்தவன் பெயர் எங்கே இருக்கிறது? இருந்தால் கடைக்காரனுடைய சீல் இருக்கும்.

அதற்கு அடுத்த விஷயத்தைப் படித்ததும் வயிறெரிந்தது. அந்தப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கியவன் சுலபமாகத் திறக்க முடியாது. வீட்டில் கிடக்கிற ஸ்க்ரூடிரைவர் எட்டாத ஆழத்தில் திருகை வைத்துவிட்டார்கள், நீளமாகத் தனியாக ஒன்று வேண்டும். உள்ளே கையெழுத்து, வெளியே பூட்டு! யார் பார்ப்பதற்காகக் கையெழுத்துப் போட்டான் என்று நான் ராத்திரியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் தங்கச்சி 'லைட்டை அணைச்சுட்டுக் கேளுங்க' என்றாள்.

நாற்பது வருஷம் கழித்தும் அந்தப் புத்தி போகவில்லை. போனில் சார்ஜர் குத்துகிற ஓட்டைக்கு இரண்டு பக்கமும் பொடிசாக இரண்டு திருகு இருக்கும், லென்ஸ் வைத்துப் பார். தலையில் ஐந்து இதழ் வெட்டியிருக்கும். ஐபோன் 4 வந்த புதிதில் சாதாரண ப்ளஸ் தலைத் திருகுதான் இருந்தது. அப்புறம்தான் இந்த ஐந்து இதழுக்கு மாற்றினார்கள், அந்த ஸ்க்ரூடிரைவர் அப்போது கடையில் சுலபமாகக் கிடைக்காது. கொலுசுக்கும் திருகாணி உண்டு. உங்கள் பாட்டி அதைப் பல்லால் கடித்தே கழற்றுவாள், நானே பார்த்திருக்கிறேன். அறுந்தால் பட்டறைக்கு வரும், பொடி வைத்து ஊதிப் பற்றவைத்தால் இன்னும் பத்து வருஷம் ஓடும். அலுத்துப்போனால் உருக்கி வேறு டிசைன் போட்டுக்கொள்ளலாம். எந்தப் பட்டறையில் செய்தது என்று கேட்டுக்கொண்டா பற்றவைக்கிறோம்?

என் போனின் கதைக்கு வருகிறேன். குனிந்து கம்பியை எடுக்கும்போது சட்டைப்பையிலிருந்து நழுவிப் பட்டறைக் கல்லின் விளிம்பில் விழுந்து, பின்கண்ணாடி நட்சத்திரமாகச் சிதறிவிட்டது. சர்வீஸ் சென்டரில் ஒரு தொகை சொன்னார்கள். உனக்குச் சொன்னால் உனக்கும் மாத்திரை மாற்ற வேண்டிவரும். சரி என்று பழைய பஸ் ஸ்டாண்டில் நம் பாயிடம் போனேன். இந்த மாடலில் பின்கண்ணாடி சட்டத்தோடு பசை போட்டு ஒட்டியிருக்கிறதாம். லேசர் மெஷினில் பசையைக் கருக்கி, துணுக்குத் துணுக்காகச் சுரண்டி எடுக்க வேண்டும். 14இல்தான், அதுவும் ப்ரோ இல்லாத மாடலில், பின்பக்கம் தனியாகக் கழல்கிற மாதிரி செய்தார்கள். 15இல் ப்ரோவிலும் அப்படிச் செய்தார்கள். அதாவது செய்யத் தெரியாமல் இல்லை, மனசு இல்லாமல்தான் இருந்திருக்கிறது.

பாய் இன்னொன்றும் சொன்னார். 13 வந்த புதிதில், வெளியே எவனாவது டிஸ்ப்ளே மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கிற வசதி செத்துப்போகும். டிஸ்ப்ளேயில் இருக்கிற பொடி சிப்புக்கும் உள்ளே இருக்கிற போர்டுக்கும் ஜோடி சேர்த்துவைத்திருக்கிறார்கள். உலகம் முழுக்கக் கத்திய பிறகு அப்டேட் விட்டுச் சரிசெய்தார்கள். ஆனாலும் பார்ட் சந்தேகத்துக்குரியது என்கிற மாதிரி ஓர் அறிவிப்பு வரத்தான் செய்கிறது. 'ஒரிஜினல் பார்ட்டே போட்டாலும், மாட்டினது நான்தான்னு அதுக்குத் தெரிஞ்சுடுதுண்ணே' என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தொழில்காரனின் கையைப் பார்த்து 'இது செல்லாது' என்று பொருளே சொல்கிறதே, அதை எப்படிடா ஏற்றுக்கொள்வது? கண்ணாடியை மாற்றவேண்டாம் என்று செல்லோடேப் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது.

2017 டிசம்பரில் நடந்தது உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது பட்டன் போன். பழைய ஐபோன்களைக் கம்பெனியே அப்டேட் மூலம் மெதுவாக்கியது என்று வெளியே வந்தது. காரணம் நியாயமானதுதான், அதுதான் வேடிக்கை. கிழடு தட்டிய பேட்டரியால் திடீரென்று நிறையக் கரண்ட் கேட்டால் கொடுக்க முடியாது, போன் பட்டென்று அணைந்துவிடும். அப்படி அணையாமல் இருக்க வேகத்தைக் குறைத்தார்கள். சரி, வாய் திறந்து சொல்லியிருக்கலாமே? பேட்டரி மாற்றினால் தீர்கிற விஷயத்துக்கு எத்தனை பேர் போன் செத்துவிட்டது என்று புதுசு வாங்கியிருப்பார்கள்! மாட்டிக்கொண்ட பிறகு மன்னிப்புக் கேட்டு, நம் நாட்டில் 6,500 ரூபாயாக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 2,000 ஆக்கினார்கள். பிரான்சில் 2020இல் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டார்கள். வெள்ளியின் டச்சை, அதாவது சுத்தத்தை, குறைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் லீ பஜாரில் என்னை நிற்கவிடுவார்களா?

அதே 2020இல் சார்ஜரை டப்பாவிலிருந்து எடுத்ததையும், கேட்டதற்குச் சுற்றுச்சூழல் என்றதையும் நான் சொல்லப் போவதில்லை, ரத்தக்கொதிப்பு ஏறும். ஊரெல்லாம் டைப்-சி வந்தும் தன் ஒயரையே பிடித்துக்கொண்டிருந்தவன், ஐரோப்பாக்காரன் சட்டம் போட்ட பிறகு 2023இல் ஐபோன் 15இல் டைப்-சிக்கு மாறினான். நல்ல காரியம், தானாகச் செய்யவில்லை.

இப்படித் திட்டிவிட்டு, கடிதத்தின் நடுவில் ஒரு கொலுசுக் கண்ணியைப் பரிசோதிக்க அந்தப் போனைத்தான் எடுத்தேன். கண் முன்னைப் போல இல்லைடா. அதில் உருப்பெருக்கி ஒன்று உள்ளேயே இருக்கிறது. விளக்கைப் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால் பற்று விலகிய இடம், பொடி கருகிய இடம், சின்ன நூல் மாதிரி விட்ட விரிசல் எல்லாம் தெரிகிறது. புதுப் பையன்கள் என்னை ஏமாற்ற முடியாமல் கடுப்பில் இருக்கிறார்கள். இது இல்லாவிட்டால் போன வருஷமே கடையை மூடியிருப்பேன்.

2016இல் அமெரிக்கப் போலீஸ், எஃப்பிஐ, கொலைகாரன் ஒருவனுடைய போனைத் திறக்க வழி செய்து கொடு என்று கோர்ட் உத்தரவோடு வந்தபோது அப்போது ஆப்பிளை நடத்திய டிம் குக் முடியாது என்றார். ஒருவனுக்குத் திறந்தால் எல்லோருடையதும் திறந்த மாதிரி என்றார். அந்தத் திமிர் எனக்குப் பிடித்தது. 2018இல் சீனாவில் அந்த நாட்டு ஜனங்கள் ஐகிளவுட் என்கிற ஆப்பிள் சேமிப்பில் வைத்த தகவல்களை அரசாங்கத்தோடு சேர்ந்த கம்பெனியின் கையில் கொடுத்ததும் அதே ஆள்தான். புரொபசரிடம் இதைச் சொன்னேன். 'வியாபாரி எல்லா ஊரிலும் வியாபாரி' என்று சொல்லிவிட்டு என் காசில் இன்னொரு டீ குடித்தான்.

இனி விளையாட்டில்லை. நம் வசந்தாவின் சின்னவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் பூட்டுகிற கம்பெனி ஒன்றில் இருக்கிறாள், தெரியும்தானே. தீபாவளிக்கு வந்தபோது, 'பாவம் புள்ளே, நீ செய்யற போனை நீ வாங்க முடியுதா' என்று உருகினேன். அவள் என்னைப் பார்த்து, 'மாமா, நீங்க எத்தனை ஜோடி கொலுசு போட்டிருக்கீங்க?' என்றாள். வீடே சிரித்தது. வசந்தாவின் வீட்டுக்குக் கூரை மாற்றி ஓடு போட்டதே அவள் சம்பளத்தில்தான், அதனால் என் பரிதாபம் அவளுக்குத் தேவையில்லை.

என் பயம் வேறு. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் பூட்டிக் கொடுக்கும் ஃபாக்ஸ்கான் கம்பெனியின் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் சாப்பாடு விஷமாகி நிறைய பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், மற்ற பெண்கள் சென்னை-பெங்களூர் ரோட்டில் உட்கார்ந்ததும் டிவியில் பார்த்தோமே. ரோட்டில் உட்கார்ந்த பிறகுதான், தங்குமிடமும் சாப்பாட்டுக் கூடமும் எங்கள் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் சொன்னது. சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நகம் மாட்டாமல் பார்த்துக்கொள்கிறவனுக்கு ஒரு சாப்பாட்டுக் கூடம் கண்ணில் படவில்லையா? பால் ஜாப்ஸ் சொல்லிக்கொடுத்த பின்பக்கத்தில் இது சேராதா? 2024இல் ஃபாக்ஸ்கான் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் எழுதி, மத்திய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. சின்னவளுக்கு வருகிற தையில் பார்க்கிறார்கள். அவள் வேலை பார்ப்பது வேறு கம்பெனி, இருந்தாலும் வசந்தாவிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருக்கிறேன். நீ சொன்னால் கேட்பாள். யோசி.

அதே ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தன் போன் ஆலையை 2014இல் மூடியதும் ஞாபகத்துக்கு வருகிறது. எழுதினால் நீளும்.

சரி, கயல் விஷயம். வாங்கிக் கொடு. ஆனால் இந்த வருஷத்துப் புது மாடல் வேண்டாம், ஒன்றிரண்டு வருஷம் பழைய மாடல் போதும். 15க்குக் கீழே போகாதே; பின்பக்கம் கழலும், ஒயரும் உன் வீட்டில் இருப்பதே சேரும். 2015இல் வந்த 6எஸ்ஸுக்கு 2021இல்கூடப் பெரிய அப்டேட் வந்தது, அதனால் படிப்பு முடிகிறவரை தாங்கும். செகண்ட் ஹேண்ட் என்றால் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பார்த்து வாங்கு. நல்ல தடியான கவர் போடு. உடைந்தால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி நீதான் வரவேண்டும், கயல் வரமாட்டாள். சீட்டுப் பணத்தில் கை வைக்காதே, அது எதற்கென்று நமக்குத் தெரியும். குறைந்தால் என்னிடம் கேள், மிலிட்டரியிடம் கேட்டால் பத்து வருஷத்துக்குச் சொல்லிக்காட்டுவான்.

இறங்கி வரும்போது எஸ்டேட் மிளகு அரைக் கிலோ கொண்டு வா. போன தடவை மாதிரி பாதி காம்பாக இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன்.

இப்படிக்கு,
உன் பழனி