ஓடாத ஜெனரேட்டர்தான் கெட்டுப்போகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காலையில் தங்கள் நாளிதழைப் பிரித்ததும் நான் முதலில் தேடுவது, பராமரிப்புப் பணிக்காக எந்தெந்தப் பகுதியில் மின்தடை என்ற அறிவிப்பைத்தான். கிண்டி தொழிற்பேட்டையில் 31 ஆண்டுகள் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தவனை அந்தப் பழக்கம் விடவில்லை. அந்த அறிவிப்பு குறித்தே ஒரு கோரிக்கை. அதற்கு முன் எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மடிப்பாக்கத்தில் 40 வீடுகள் உள்ள எங்கள் அடுக்ககத்தில் 82.5 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் ஒன்று நிற்கிறது. லிப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்குகள், வீட்டுக்கு இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, எல்லாம் அதன் பொறுப்பு. 2015 வெள்ளத்தில் மூழ்கிய பிறகு நாலடி உயரத்துக்குக் கான்கிரீட் மேடை கட்டி அதன்மேல் ஏற்றினார்கள். மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பர் 4ஆம் தேதி, மேடை தன் வேலையைச் சரியாகச் செய்தது. தண்ணீர் ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. எஞ்சின்தான் இருபது நிமிடம் ஓடி, இருமி, அடங்கிப்போனது. நாலாவது மாடியில் ஆக்சிஜன் கருவியோடு இருந்த பாட்டியம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாங்கள் நான்கு பேர் படிவழியே இறக்கினோம். அன்று போன என் முழங்கால் இன்னும் திரும்பி வரவில்லை.

தண்ணீர் வடிந்ததும் டீசல் டேங்கின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, வடிந்ததை ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர், மேலே டீசல், நடுவில் ஆறிய கஞ்சியின் ஏடு போலக் கறுத்து வழவழவென்று ஒரு படலம். வெள்ளம் உள்ளே புகுந்துவிட்டது என்று சங்கத்தில் சொன்னார்கள். வெள்ளமா நாலடி ஏறிக் குதித்தது? வருடக்கணக்கில் மாற்றாத டீசலில் இதுதான் நடக்கும். டேங்கின் காலி இடத்தில் காற்றிலுள்ள ஈரம் வியர்த்துச் சொட்டி அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் தொடும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து பாசி பிடிக்கும். அந்தப் பாசி போய் பில்டரை அடைக்கும்.

2012இல் சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்தது. (வெளிமாவட்டத்துக்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம், அவர்களுக்குப் பாதி நாள் போனது.) எனக்கு மூச்சுவிட நேரமில்லாத ஆண்டு அது. ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வந்த அழைப்புகள் மிகக் குறைவு. தினமும் ஓடியதால் டீசல் புதிதாக இருந்தது, பாட்டரி ஏறியது, எஞ்சின் நன்றாகச் சூடேறியது. இன்று மின்சாரம் ஒழுங்காக வருகிறது, ஜெனரேட்டர்கள் நோயாளியாகிவிட்டன.

சனிக்கிழமைதோறும் காவலாளி ஐந்து நிமிடம் ஓட்டுகிறாரே என்பார்கள். லோடு போடாமல், அதாவது லிப்ட், மோட்டார் எதற்கும் மின்சாரம் கொடுக்காமல், வெறுமனே உறுமவிடுவது ஓட்டுவதே அல்ல. எஞ்சின் சூடேறாததால் எரியாத டீசலும் கரியும் கலந்து சைலன்சரில் தேங்கும். எங்கள் சைலன்சர் இணைப்பிலிருந்து அது சொட்டுச்சொட்டாக ஒரு வெள்ளை ஸ்கூட்டர்மேல் விழுந்துகொண்டிருந்தது. ஸ்கூட்டர்காரர் மூன்று மாதம் காகங்களைத் திட்டினார்.

மாதம் ஒருமுறை அரை மணி நேரம், லிப்டும் மோட்டாரும் ஓட, பாதி லோடாவது ஏற்றி ஓட்ட வேண்டும். ஐந்து லிட்டர் டீசல் ஆகும். 40 வீட்டுக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஒரு டீயின் விலை. இதற்கு மின்தடை நாளைவிடத் தோதான நாள் கிடைக்காது. ஆனால் எங்கள் செயலாளர் அன்றுதான் டீசல் மிச்சம் என்று ஜெனரேட்டரைப் பூட்டிவைத்துவிட்டு எல்லோரையும் படியேறச் சொல்கிறார்.

ஆகவே என் கோரிக்கை: காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை என்று வரும் அந்த அறிவிப்பின் கீழே, 'உங்கள் ஜெனரேட்டரை இன்று லோடு போட்டு ஓட்டிப் பாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள். நான் சொன்னால் கேட்காத செயலாளர் பத்திரிகையில் வந்தால் கேட்பார். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜெனரேட்டர் மெக்கானிக்,
மடிப்பாக்கம், சென்னை.