நீறு பூத்த நெருப்பு

எங்கள் அடுக்குமாடியின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கீழ்த்தளத்தில் இனி யாரும் கரி அடுப்போ விறகு அடுப்போ மூட்டக்கூடாது என்று மின்தூக்கி அருகே நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்தேன். பொங்கலன்று இரவு எரிந்த தொட்டியில் சாம்பலைக் கொட்டியது நான்தான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

காலை 10 மணிக்குள் அடுப்பு அணைந்துவிட்டது. சாயங்காலம் 6 மணிக்குக் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. சரி என்று அள்ளிப் பச்சைப் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டேன். இரவு 2 மணிக்கு நாலாவது மாடிவரை புகை. 2022 ஜனவரியில் நம் பினாங்கின் ஜெலுத்தோங் குப்பைமேடு எரிந்த நாற்றத்தை முகர்ந்தவர்களுக்கு வயிறு கலங்கியிருக்கும். பையன்கள் பக்கத்திலிருந்த மோட்டார் சைக்கிள்களைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் ஊற்றியிராவிட்டால் கதை வேறு.

நீறு பூத்த நெருப்பு என்று பாட்டி சொல்வார். யாரோ கோபக்காரரைப் பற்றி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்!

சாம்பல் போர்வை மாதிரி. தணலின் சூட்டை வெளியே விடாது, காற்றையும் கொஞ்சமாகத்தான் உள்ளே விடும். தணல் மெல்லக் கனன்றுகொண்டே கிடக்கும். நாங்கள் வாங்கியதோ கோலா செப்பெத்தாங் ஊரின் பாக்காவ் என்ற சதுப்புநில மரத்தின் கரி, லேசில் தீராது. கொட்டும்போது போர்வை கலைந்து காற்று பட்டது. தொட்டியின் அடியில் பழைய நாளிதழும் முட்டை அட்டையும் இருந்தன. அப்புறம் கேட்கவா வேண்டும்? வீட்டுக்குள் கணப்பு மூட்டும் குளிர்நாடுகளில், தணல் நான்கு நாள்வரை உயிரோடு இருக்கலாம் என்றே எச்சரிக்கிறார்கள்.

அடுப்பு எரிந்தபோது பத்துப் பேர் சுற்றி நின்றோம். தொட்டி எரிந்தபோது எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தோம். அதனால்தான் உங்கள் தடை இடம் மாறி விழுந்திருக்கிறது என்கிறேன். தடுத்தாலும் சாத்தே என்ற குச்சி இறைச்சி சுடுகிறவர்கள் பால்கனிக்குப் போவார்கள். கனலும் கரி வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடைப் பரப்பும், அதற்கு வாசனைகூடக் கிடையாது.

எனக்கு வேண்டியது ஒரு இரும்புப் பீப்பாய், இறுக்கமான மூடியோடு. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் சீனப் பக்கத்து வீட்டார் முன்னோருக்குக் காகிதம் எரிக்க வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. அலுமினியம் வேண்டாம், ஈரச் சாம்பலின் காரம் அதை அரித்துவிடும். சுவர், மோட்டார் எல்லாவற்றிலிருந்தும் 3 மீட்டராவது தள்ளி, வெறும் சிமெண்டுத் தரையில் வையுங்கள். சாம்பலைக் கொட்டித் தள்ளி நின்று மெதுவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆவி முகத்தில் அடிக்கும். கிளறி, மறுபடி ஊற்றி, மூடி, நான்கு நாள் விட்டுவிட்டால் பிறகு தைரியமாகக் குப்பையில் போடலாம். மாடித்தோட்ட அக்காமார் கொஞ்சம் கேட்பார்கள், கொடுக்கலாம். இட்லிப்பூச் செடிக்கு மட்டும் போட வேண்டாம், காரமண்ணில் இலை மஞ்சளாகிவிடும்.

பீப்பாய்க்கும் உருகிய தொட்டிக்கும் பணம் நான் தருகிறேன். அடுத்த தை பிறப்பதற்குள் அந்த அறிவிப்பைக் கழற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
நாலாவது மாடிக் குடியிருப்பாளர்,
பினாங்கு