உள்ளே ஒன்றரை அங்குலம் விடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் சுற்றுச்சூழலுக்கு உகந்த உடைகள் பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். இயற்கைப் பருத்தி, மூங்கில் துணி, மூலிகைச் சாயம் என்று எல்லாமே புதிதாக வாங்கச் சொல்பவையாக இருந்தன. (மூங்கில் துணி என்று விற்பதில் பெரும்பாலானது, மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழுத்த ரேயான்தான்.) ஏற்கெனவே பீரோவில் இருப்பதை என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை.

நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் 19 வருடம் செக்கிங் வேலை பார்த்தவள். இப்போது வீட்டிலேயே மெஷின் போட்டு ஆல்டர் செய்து கொடுக்கிறேன். பழைய ஜாக்கெட்டைப் பிரித்தால் பக்கவாட்டில் ஒன்றரை அங்குலத் துணி உள்ளே மடிந்து கிடக்கும். உடம்பு போட்டால் ஒரு தையலைப் பிரித்தால் போதும், இன்னும் பத்து வருடம் ஓடும். நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பாவாடையில் இரண்டு மூன்று டக் (நீளத்தை மடித்துத் தைப்பது) பிடித்திருப்பார்கள். ஜூன் வந்தால் அம்மா ஒரு டக்கைப் பிரித்துவிடுவார். பிரித்த இடம் மட்டும் வெளுக்காமல் பட்டையாகத் தெரியும். வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தப் பட்டை இருந்ததால் யாரும் யாரையும் கேலி செய்ததில்லை.

இன்றைய ரெடிமேட் சுடிதாரைத் திருப்பிப் பாருங்கள். நூல் பிரியாமல் ஓரத்தில் ஓவர்லாக் தையல் அடித்த கால் அங்குலம்தான் இருக்கும். இறுக்கிப் பிடிக்கலாம், தளர்த்தி விட முடியாது. போன மாதம் ஒரு பெண் 2,800 ரூபாய் சுடிதாரோடு வந்தார். இயற்கைப் பருத்தி என்று அட்டைகூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தரம் போட்டதற்குள் கைக்குழியில் இறுக்கம். உள்ளே துணி இருந்தால்தானே நான் ஏதாவது செய்ய? அவர் அதை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு போனார். லட்சம் உருப்படி வெட்டும்போது ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலம் மிச்சம் என்றால் அது பெரிய பணம். கம்பெனியைத் திட்ட எனக்கு வாயில்லை. அந்தச் சம்பளத்தில்தான் மகளைப் படிக்க வைத்தேன்.

ஆனால் ஒரு பருத்தி டி-சர்ட்டுக்கு, பஞ்சு விளைவதையும் சேர்த்து, சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்கிறார்கள். சாயம் என்ன செய்யும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவுத் தொட்டியாகிப் போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்று ஆனது. சரி, தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது. அப்புறம் மிஞ்சுகிற உப்பு? அது மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. இவ்வளவும் தாண்டி வந்த துணியை, அக்குளில் இறுக்குகிறது என்று ஒதுக்கிவிடுகிறோம்.

தீபாவளி மலரில் ஜவுளிக்கடை விளம்பரம் இருபது பக்கம் வரட்டும். நடுவில் ஒரே ஒரு பக்கம், வாங்குமுன் துணியை உள்பக்கம் திருப்பி எதைப் பார்க்க வேண்டும் என்று போடுங்கள். படம் வேண்டுமானால் என்னிடம் பிரித்த ஜாக்கெட்டுகள் நிறைய இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காங்கயம்