மூன்று வரியிலும் 20.0 மி.லி.

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிளஸ் 2 வேதியியல் செய்முறை நோட்டுகளில் பருமனறி பகுப்பாய்வு (ஒரு கரைசலின் செறிவை, அதோடு வினைபுரியும் மற்றொரு கரைசலின் அளவைக் கொண்டு காணும் சோதனை) அட்டவணையைப் பாருங்கள். 20.0, 20.0, 20.0 என்று மூன்று வரிகள் நிற்கும். பக்கத்து மாணவரின் நோட்டிலும் அதுவே. அளவுக்கோடுகள் போட்ட குழாயான பியூரெட்டிலிருந்து விழும் ஒரு சொட்டே ஏறக்குறைய 0.05 மி.லி. வகுப்பில் உள்ள அத்தனை பழகாத கைகளும் ஒரே கோட்டில் போய் நிற்க வழியே இல்லை. வரவேண்டிய அளவு முன்கூட்டியே சொல்லப்பட்டுவிடுகிறது என்பதுதான் இதற்குப் பொருள். பிள்ளைகளின் நன்மைக்கென்று செய்யப்படும் இந்த உதவி, அவர்கள் கற்க வேண்டியதை அப்படியே பறித்துவிடுகிறது.

பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில், அதாவது கூம்புக் குடுவையில் உள்ள பெர்ரஸ் (இரும்பு உப்பு) கரைசலில் பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடும் சோதனையில், எங்கே தவறு நடந்தது என்பதைச் செலவான அளவு கூடியதா குறைந்ததா என்பதே காட்டிக்கொடுக்கும். கூம்புக் குடுவையை வாலைவடிநீரால் மட்டுமே அலச வேண்டும். பெர்ரஸ் கரைசலால் அலசினால் உள்ளே ஒட்டியிருக்கும் இரும்பும் சேர்ந்துகொள்ள, அளவு கூடும். பியூரெட்டை நிரப்பப்போகும் பெர்மாங்கனேட்டாலேயே அலச வேண்டும். தண்ணீர் தங்கியிருந்தால் கரைசல் நீர்த்துப்போய் அப்போதும் அளவு கூடும். பெர்ரஸ் கரைசலை அளந்து எடுக்கும் பிப்பெட்டின் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளினாலும், பியூரெட் முனையில் இருந்த காற்றுக்குமிழ் நடுவில் வெளியேறினாலும் கூடத்தான் செய்யும். மாறாக, ஈரமான பிப்பெட்டைப் பெர்ரஸ் கரைசலால் அலசாமல் பயன்படுத்தினால் அளவு குறையும். பியூரெட்டின் தலையில் புனலை எடுக்காமல் விட்டு, அதிலிருந்து சொட்டு விழுந்தாலும் குறையும். 20 வர வேண்டிய இடத்தில் 20.6 பெற்ற மாணவர் இந்தப் பட்டியலோடு தன் கைவேலையை ஒப்பிட்டுப் பார்க்கும் பத்து நிமிடங்களில்தான் வேதியியல் நடக்கிறது. அளவைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அந்தப் பத்து நிமிடங்கள் போய்விடும்.

அடிக்கடி தவறும் இடம் அமிலம். ஒரு பெர்மாங்கனேட் அயனி ஐந்து பெர்ரஸ் அயனிகளை ஆக்சிஜனேற்றம் செய்ய எட்டு ஹைட்ரஜன் அயனிகள் வேண்டும். நீர்த்த கந்தக அமிலம் போதாவிட்டால் வினை பாதியில் நின்று, மாங்கனீஸ் டை ஆக்சைடு பழுப்புக் கலங்கலாக வரும். ஐந்து எலக்ட்ரான் ஏற்க வேண்டிய பெர்மாங்கனேட் மூன்றோடு நின்றுவிடுவதால் கூடுதலாகச் செலவாகும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாது, அதன் குளோரைடையும் பெர்மாங்கனேட் தாக்கும். நைட்ரிக் அமிலமோ தானே ஓர் ஆக்சிஜனேற்றி. இந்தக் காரணங்களை இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மனப்பாடம் செய்பவர்கள், ஒரே ஒரு முறை அமிலமின்றிச் செய்து அந்தப் பழுப்பைக் கண்ணால் பார்த்தால் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள்.

சூடாக்குவதிலும் குழப்பம் உண்டு. ஆக்சாலிக் அமிலத்தை 60 முதல் 70 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கியே தரம்பார்க்க வேண்டும். அப்போதும் முதல் சில சொட்டுகளின் நிறம் மெதுவாகத்தான் மறையும். மாங்கனீஸ் அயனி சிறிது உருவான பிறகு அதுவே வினைவேகமாற்றியாகி வேலையை விரைவாக்கும். பெர்ரஸ் கரைசலைச் சூடாக்கவே கூடாது, காற்றே அதை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். முதல் நாள் தயாரித்து வைத்த பெர்ரஸ் சல்பேட் மறுநாள் குறைந்த அளவு காட்டுவதும் இதனால்தான். அன்றன்று, கந்தக அமிலம் சேர்த்துத் தயாரிப்பதே சரி. ரப்பர் குழாயும் இடுக்கியும் பொருத்திய பழைய பியூரெட்டில் பெர்மாங்கனேட்டை ஊற்ற வேண்டாம். அது ரப்பரோடு வினைபுரியும்.

பள்ளியில் விட்டது பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் முதலாண்டிலேயே தெரிந்துவிடுகிறது. அங்கே ஈ.டி.டி.ஏ. (கால்சியம், மக்னீசியம் அயனிகளைப் பிணைக்கும் சேர்மம்) கொண்டு நீரின் கடினத்தன்மை காண வேண்டும். பெர்மாங்கனேட்டில் நிலைத்து நிற்கும் இளஞ்சிவப்பே முடிவுநிலை, எளிது. இங்கே எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி ஒயின் சிவப்பிலிருந்து ஊதா வழியாக நீலத்துக்கு மாறும். நிறத்தைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்தே பழகியவர் ஊதாவிலேயே நிறுத்திவிடுவார். மூடி சரியாக இல்லாத புட்டியில் அம்மோனியா ஆவியாகிப்போன தாங்கல் கரைசலை (பி.எச். அளவை நிலையாக வைப்பது) ஊற்றினால் பி.எச். 10-க்குக் கீழே இறங்கி, நிறமாற்றமும் இழுத்துக்கொண்டே போகும். இந்தச் சோதனைக்கு ஆய்வகத்தில் கலக்கிய மாதிரியைவிட மாணவர் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் எவ்வளவோ மேல். 0.01 மோலார் செறிவுள்ள ஈ.டி.டி.ஏ. 1 மி.லி. என்றால் 1 மி.கி. கால்சியம் கார்பனேட். 20 மி.லி. நீருக்கு 8 மி.லி. செலவானால் லிட்டருக்கு 400 மி.கி. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 200 மி.கி. வரை ஏற்கிறது, மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. தன் வீட்டுத் தண்ணீர் இதில் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அந்த எண்ணை யாராலும் முன்கூட்டிச் சொல்லித்தர முடியாது.

செய்முறைத் தேர்வு நெருங்கும் இந்த நேரத்தில் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே கரைசலை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுக்காதீர்கள். 49 கிராம் பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டை, கந்தக அமிலம் கலந்த நீரில் கரைத்து ஒரு லிட்டர் ஆக்கினால் 0.125 நார்மல் (நார்மல் என்பது கரைசலின் செறிவைக் குறிக்கும் அலகு). (அமிலத்தைத்தான் நீரில் மெல்ல ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் அல்ல.) அதிலிருந்து 200, 180, 160 மி.லி. எடுத்துத் தனித்தனியே 250 மி.லி.க்கு நீர்த்தால் 0.1, 0.09, 0.08 நார்மல் கிடைக்கும். 20 மி.லி.க்கு 0.1 நார்மல் பெர்மாங்கனேட் முறையே 20, 18, 16 மி.லி. செலவாகும். புட்டிகளில் எண் மட்டும் ஒட்டி, மேசைக்கொன்றாக மாற்றி வையுங்கள்.

வேதிப்பொருள் போதவில்லை என்ற குறை உண்மையானதே. பயிற்சி வகுப்புகளில் 5 மி.லி. பிப்பெட்டும் 10 மி.லி. பியூரெட்டும் பயன்படுத்தினால் கரைசல் கால் பங்குதான் செலவாகும். 0.05 மி.லி. பிழை அங்கே 1 சதவீதம் ஆகும் என்பது மெய். கற்கும் கைக்கு அது பெரிய குறையல்ல. தேர்வுக்கு முன் 50 மி.லி. பியூரெட்டில் இரண்டு நாள் பழக்கினால் போதும்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர்கள் சிலர்